நிமோனியாக் கிருமி அம்மாவின் கண்ணுக்கு எப்படி வந்தது?

கரும்புக்காடு:

வணக்கம். அம்மாவுக்கு வயது 61. கரும்பில் தோகை உரிக்கும்போது வலது கண்ணில் தோகை கீறிவிட்டது. வழக்கம்போல விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அடுத்தடுத்த நாளில் கண்ணைத் திறக்க முடியாத வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. மதுரைக்குக் கூட்டிப் போனோம். கண் மரத்துப்போகச் சொட்டு விட்டு, புண்ணைச் சுரண்டி லேபுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் நியூமோகாக்கஸ் என்று இருக்கிறது. இப்போது மணிக்கு ஒரு தரம் மருந்து, ராத்திரியும் விடாமல்.

அது நிமோனியாக் கிருமியாமே! அம்மாவுக்குச் சளி, இருமல் எதுவும் இல்லை. கரும்புத் தோகையில் அந்தக் கிருமி இருக்குமா? இன்னொன்று, டாக்டர் மூக்கோரம் அழுத்திப் பார்த்துவிட்டு, "கண்ணீர்ப் பையையும் பிறகு சரிசெய்யணும்" என்றார். புண் கருவிழியில் இருக்க, அந்தப் பைக்கு என்ன சம்பந்தம்?

லேப்காரன்:

தம்பி, மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். தோகை கீறல் மட்டும்தான் போட்டிருக்கும். கிருமி பெரும்பாலும் அம்மாவிடமே இருந்திருக்கும்.

நியூமோகாக்கஸ் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் ஒரு நோயும் தராமல் குடியிருக்கும். நம் கண்ணீர், கண்ணின் உள்மூலையில் இருக்கும் சிறு துளைகள் வழியாகக் கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து மூக்கில் இறங்குகிறது. அந்தப் பாதை அடைத்துக்கொண்டால் பையில் கண்ணீர் தேங்கும், கிருமி பெருகும், சீழ் கட்டும். மூக்கோரம் அழுத்தினால் அது திரும்பக் கண்ணுக்குள் வரும். டாக்டர் பார்த்தது அதைத்தான். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணீர்ப் பாதையில் தண்ணீர் செலுத்திப் பார்ப்பதும் இதற்காகவே. அம்மாவுக்கு அந்தக் கண்ணில் ரொம்ப நாளாக நீர் வழிந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படி வருடக்கணக்கில் கிருமி கண்ணை நனைத்தும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? கருவிழியின் மேல்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்கள்தான், ஆனால் நெருக்கமாகப் பின்னியவை. கண்ணீரில் லைசோசைம் போன்ற கிருமிக்கொல்லிகள் வேறு. தோல் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான பாக்டீரியாக்களால் உள்ளே போக முடியாது. கொனோகாக்கஸ் மாதிரி வெகு சில மட்டும் விதிவிலக்கு. கீறல் விழுந்ததும் அடியில் உள்ள, கொலாஜன் என்ற புரத நாரால் ஆன படலம் திறந்துகொள்கிறது. கருவிழி மொத்தமே சுமார் அரை மில்லிமீட்டர் கனம், அதில் பத்தில் ஒன்பது பங்கு இந்தப் படலம். அதில் ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் பார்வை தெளியாது. ஆனால் அதனாலேயே வெள்ளை அணுக்கள் கருவிழியின் விளிம்பிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் நகர்ந்து வந்து சேர நேரமாகும். அதற்குள் கிருமி பெருகிவிடும்.

நியூமோகாக்கஸுக்கு வழுவழுப்பான ஓர் உறை உண்டு. வெள்ளை அணுக்களால் சுலபமாக விழுங்க முடியாது. அந்தக் கிருமி உடையும்போது நியூமோலைசின் என்ற நஞ்சு வெளிவந்து செல்களைத் துளைக்கும். வெள்ளை அணுக்கள் கொட்டும் நொதிகளும் சேர்ந்து கொலாஜனைக் கரைக்கும். கருவிழிக்குப் பின்னால், கண்ணுக்குள் அடியில் மட்டமாகச் சீழ் தெரிந்தால் பயந்துவிடாதீர்கள். கருவிழி ஓட்டையாகாதவரை அது பெரும்பாலும் நம் வெள்ளை அணுக்கள்தான், அதில் கிருமி இருக்காது. கிருமி செத்த பிறகும் புண் ஆறச் சில வாரம் ஆகும். ஆறிய இடத்தில் பூ விழும். அது நடுக் கருவிழியிலா ஓரத்திலா என்பதைப் பொறுத்துத்தான் பார்வை.

சுரண்டியது மிக நல்ல காரியம். 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. லேபில் கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. பாக்டீரியாக்களில் முதலிடம் உங்கள் ஆளுக்குத்தான். வெறும் கண்ணால் பார்த்து இது எது என்று அடித்துச் சொல்ல முடியாது. கண்ணாடித் தகட்டில் சாயமேற்றிப் பார்த்தால் நியூமோகாக்கஸ் ஜோடி ஜோடியாக, முனை கூர்ந்து ஊதா நிறத்தில் நிற்கும். பூஞ்சை கிளைவிட்ட இழையாகத் தெரியும். இரண்டுக்கும் மருந்தே வேறு. எனக்கு எரிச்சல் வருவது மெடிக்கல்காரர்கள் மேல்தான். கண் சிவந்திருக்கிறது என்று சொன்னதும் ஸ்டீராய்டு (வீக்கத்தையும் உடம்பின் எதிர்ப்பையும் அடக்கும் மருந்து) கலந்த சொட்டு மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். பூஞ்சைப் புண்ணில் அது போய்ச் சேர்ந்தால் சிவப்பு குறையும், வலி குறையும், புண் உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

கரும்புக்காடு:

ரொம்ப நன்றி ஐயா. கேட்டேன், அந்தக் கண்ணில் பல வருடமாகத் தண்ணீர் வழிகிறதாம், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டாராம். ஆனால் இன்று டாக்டரே ஸ்டீராய்டு சொட்டு சேர்த்திருக்கிறார். அதைப் போடலாமா?

லேப்காரன்:

போடுங்கள். கிருமி எது என்று தெரிந்து, அதற்கான மருந்து முதலில் ஓடிய பிறகு டாக்டர் பார்த்துச் சேர்ப்பது வேறு விஷயம். இதற்கென்றே பெரிய ஆய்வு நடந்தது. 500 நோயாளிகள், பெரும்பாலும் மதுரை, கோவை, திருநெல்வேலிக்காரர்கள். முடிவு 2012-ல் வந்தது. பாக்டீரியாப் புண்ணில் ஸ்டீராய்டு சேர்த்ததால் மூன்றாம் மாதப் பார்வையில் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நொகார்டியா என்ற கிருமி இருந்தவர்களுக்கு மட்டும் தழும்பு பெரிதானது. அம்மாவுக்கு அது இல்லை. ஆன்டிபயாட்டிக்கை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். விளக்கெண்ணெய் பாட்டிலைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள்.

பெங்களூர் மீனா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன், சில நாள் போட்டபடியே தூங்கிவிடுவேன். காலையிலிருந்து ஒரு கண் சிவந்து வலிக்கிறது. கீறல் எதுவும் படவில்லையே?

லேப்காரன்:

மீனாம்மா, கருவிழி தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது. மூடிய இமைக்குள் லென்ஸும் இருந்தால் அது குறைந்து மேல்தோல் நலிந்துவிடும். கீறலே தேவையில்லை. லென்ஸில் ஒட்டிக்கொண்டு தங்குவதில் சூடோமோனாஸ் கெட்டிக்காரக் கிருமி. நியூமோகாக்கஸைவிட வேகமானது, ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடும். லென்ஸை உடனே கழற்றுங்கள். மெடிக்கல் சொட்டு எதுவும் விடாமல் இன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், நாளைக்கு வேண்டாம். லென்ஸையும் அதன் டப்பாவையும் கழுவாமல் அப்படியே கையோடு கொண்டு போங்கள். கண்ணில் சுரண்டியதில் கிருமி வளராவிட்டாலும் பல சமயம் டப்பாவில் சிக்கும்.