மலைக்காட்டில் இளமரமே இல்லை: மான்தான் காரணமா?

கேள்வி:
நான் வழக்கமாக நடக்கும் மலைச்சரிவில் பெரிய மரங்கள் செழித்து நிற்கின்றன. அடியில் பெரணியைத் தவிர எதுவும் இல்லை. விதைகள் முளைக்கின்றன, ஆனால் முழங்கால் உயரத்தை ஒரு கன்றும் தாண்டுவதில்லை. மான்கள் நிறைய உண்டு. நிழல் அதிகம், அதுதான் காரணம் என்கிறார் நண்பர். எப்படிக் கண்டறிவது?

பதில் 1:
கன்றின் நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது இழுத்துப் பறித்த நுனி நார்நாராகப் பிய்ந்திருக்கும். முயல் கடித்ததோ கத்தியால் சீவியது போலச் சாய்வாக இருக்கும்.

அடுத்து, எந்தச் செடி மிஞ்சியிருக்கிறது என்று கவனியுங்கள். மான் பிடித்த தழையை முதலில் தீர்த்துவிடும். பிடிக்காத செடி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் அலெகெனி பீடபூமியில் 1980-களில் வேலி அடைப்புகளுக்குள் வெவ்வேறு எண்ணிக்கையில் மான்களை விட்டுப் பத்தாண்டு ஆய்ந்தார்கள். மான் கூடக் கூட மரக்கன்றுகளின் வகைகள் குறைந்தன. மான் அவ்வளவாக விரும்பாத கருஞ்செர்ரியும் பெரணியும் பெருகின. என்னை வருத்துவது அந்தப் பெரணிதான். அது தரையை மூடிவிட்டால், பிறகு மான்கள் குறைந்தாலும் அதன் நிழலில் கன்றுகள் எழுவது கடினம். ஆகவே உங்கள் நண்பர் சொல்லும் நிழலும் மானால் வந்ததாக இருக்கலாம். மேலே தெரியும் பசுமையை நம்பாதீர்கள். அந்த மரங்கள் வேறொரு காலத்தில் கன்றாக இருந்து தப்பியவை.

பதில் 2:
மானை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஜப்பானின் ஓதைகஹாரா மலையில் 1959-இல் வந்த பெரும் சூறாவளி ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களைச் சாய்த்தது. வெயில் இறங்கிப் பாசித்தரை காய்ந்தது, குட்டை மூங்கில் பரவியது. அந்தத் தீவனத்தில் சிகா மான்கள் பெருகி, கன்றுகளைத் தின்றதோடு நின்ற மரங்களின் பட்டையையும் உரித்தன. சுற்றிலும் பட்டை போன மரம் பட்டுப்போகும். அங்கே அடிமரங்களுக்கு வலை சுற்றி, வேலியும் போட்டார்கள். வேலிக்குள் மூங்கில் மீண்டும் உயர்ந்து வளர்ந்து கன்றுகளுக்கு இடைஞ்சலானது!

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் வேலி போட்டுப் பயனில்லையா?

பதில் 1:
உண்டு. வனத்துறை அனுமதியோடு, ஒரே மர நிழலில் பக்கத்துப் பக்கமாக நான்கு துண்டு நிலம் ஒதுக்குங்கள். இரண்டுக்கு வேலி, இரண்டு திறந்தவெளி. வேலியுள்ள இரண்டில் ஒன்றிலும், திறந்த இரண்டில் ஒன்றிலும் மட்டும் பெரணியை அறுத்துவிடுங்கள். ஆண்டுதோறும் வளர்பருவம் முடிந்ததும் கன்றுகளின் உயரத்தை அளந்து எழுதுங்கள். வேலிக்குள் பெரணி அறுத்த துண்டில் மட்டும் கன்று எழுந்தால், மான், பெரணி இரண்டையும் கவனிக்க வேண்டும். ஓராண்டில் முடிவு கட்டிவிடாதீர்கள்; மலைக்குளிரில் கன்று மிக மெதுவாகத்தான் வளரும்.