மார்ச் கடைசியில் குல்மார்க், பனிப்புயல் அறிவிப்பு: போகலாமா?

தலைக்குந்தாவாசி:
ஜனவரியில் எங்கள் ஊர்ப் புல்லில் வெள்ளையாகப் படியும் உறைபனி தவிர வேறு பனி பார்த்ததில்லை. மார்ச் கடைசியில் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகிறேன், முதல் தடவை ஸ்கீ (பனிச்சறுக்கு). அந்த நாட்களில் பனிப்புயலாம். புதுப்பனி நல்லதுதானே, இல்லை ரத்து செய்யட்டுமா?

குன்னூர்க்காரன்:
ரத்தெல்லாம் வேண்டாம். மத்தியதரைக்கடல் பக்கமிருந்து மேற்கத்திய இடையூறு (மழை, பனி கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வு) வந்தால் மார்ச்சிலும் அங்கே பனி கொட்டும். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர், நம்ம தொட்டபெட்டா 2,637, உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆனால் அங்குள்ள கோண்டோலா (கம்பிவட ஊர்தி) அபர்வத் மலைச் சரிவில் 3,900 மீட்டருக்கு மேல் போகும், காற்று பலமானால் மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை, கீழே இருக்கும் சின்னச் சரிவு போதும். ஜீன்ஸ் மட்டும் போடாதீங்க, அந்த ஈரப்பனியில் ஊறிவிடும்.

கோத்தகிரி டீ:
புதுப்பனி நல்லதுதான், ஆனால் சீசன் கடைசியில் பழைய பனி பகலில் உருகி இரவில் இறுகி கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், அதன் மேல் விழுவது சரியாக ஒட்டாமல் மொத்தமாகச் சரியலாம் (இதுதான் அவலாஞ்ச், பனிச்சரிவு), அதுவும் புயல் விட்டு வெயிலடித்தால் இன்னும் மோசம். (நம்ம நீலகிரி அவலாஞ்சிக்கும் இதே சொல்தான், அங்கே மண்சரிவால் வந்த பேர்.) கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீங்க. கொட்டும்போது மேடு பள்ளமே தெரியாது, மஞ்சள் லென்ஸ் கண்ணாடி கேட்டு வாங்குங்க.

தலைக்குந்தாவாசி:
சரி, போகிறேன். ஜீன்ஸை இப்போதே பையிலிருந்து எடுத்துவிட்டேன்.