அனுபவப் பகிர்வு: பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயத்தை நடுவில் வைத்த கிளப்கள்

வரைபடப் பையனின் அம்மா

என் மகனுக்கு 16 வயது. ஆட்டிசம் உண்டு. பேசுவான், ஆனால் தேவைக்கு மட்டும்தான். வரைபடம் என்று வந்துவிட்டால் நிறுத்தவே மாட்டான். தலைமாட்டில் அட்லஸ் இல்லாமல் தூக்கம் வராது. எந்த நாட்டின் எல்லை எங்கே வளைகிறது என்று பார்க்காமலே வரைந்து காட்டுவான்.

பல வருடம் அந்த அட்லஸை நாங்கள் ஒளித்து வைத்தோம். அதையே பிடித்துக்கொண்டிருந்தால் மற்றவர்களோடு பழக மாட்டான் என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னார், நம்பினோம். வீட்டுப்பாடம் முடித்தால் அரை மணி நேரம் அட்லஸ். கண்ணைப் பார்த்துப் பேசினால் கூடப் பத்து நிமிடம். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அவன் மூச்சு விடுகிற இடத்தை அளந்து அளந்து கொடுத்திருக்கிறோம்.

போன வருடம்தான் இந்தக் கிளப் பற்றித் தெரிய வந்தது. வரைபடம், கொடி, எல்லைக்கோடு, இவ்வளவுதான் விஷயம். 13 முதல் 20 வயது வரை, எட்டுப் பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். போவதற்கு முன்பே அந்த அறையின் படம், யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு என்ன நடக்கும் என்று எல்லாம் அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். யாரும் பெயர் கேட்கவில்லை, எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே.

மூன்றாவது தடவை பக்கத்து நாற்காலியில் இன்னொரு பையன் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், யாரிடம் என்றும் இல்லாமல், "தஹாலா கக்ராபாரி" என்றான். என் மகனும் தலையைத் தூக்காமல், "2015ல முடிஞ்சு போச்சு" என்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவனே சொன்னான். வங்கதேசத்துக்குள் ஒரு இந்தியத் துண்டு, அதற்குள் ஒரு வங்கதேசத் துண்டு, அதற்கும் உள்ளே இரண்டு ஏக்கர்கூட இல்லாத ஒரு இந்திய வயல். உலகத்திலேயே அப்படி மூன்று அடுக்காக இருந்தது அது ஒன்றுதானாம். 2015இல் இரண்டு நாடுகளும் நிலத்தை மாற்றிக்கொண்டபோது அது இல்லாமல் போயிற்று. அங்கே தொடங்கி, பெல்ஜியமும் நெதர்லாந்தும் பின்னிக் கிடக்கிற பார்லே ஊருக்குப் போனார்கள். அங்கே எல்லைக்கோடு வீட்டுக்குள்ளேயே ஓடினால், வாசல் கதவு எந்தப் பக்கமோ அந்த நாட்டு வீடு. நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. கதவருகே நின்ற எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது, "அவன் பேர் என்னப்பா?" என்றேன். "தெரியாது, எதுக்கு?" என்றான். அடுத்த தடவை அவனாகவே கேட்டிருக்கிறான். இருவரும் சேர்ந்து வரைந்த வரைபடத்தின் கீழ் மூலையில் வரைந்தவர் பெயர் எழுத வேண்டியிருந்ததாம்.

உங்கள் பிள்ளைகளுக்கு எப்படி நடந்தது? நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

ஏடிஎச்டி, 19 வயசு

அக்கா, நான் பிள்ளைங்க பக்கத்துல இருந்து எழுதுறேன். எனக்கு ஏடிஎச்டி (கவனத்தை ஒரு இடத்துல நிறுத்துறது கஷ்டமா இருக்கிற மூளை அமைப்பு), ஆட்டிசம் ரெண்டும் இருக்குன்னு 17 வயசுலதான் தெரிஞ்சுது. அது வரைக்கும் ஸ்கூல்ல மத்த பொண்ணுங்க எப்படிச் சிரிக்கிறாங்க, எப்ப தலையாட்டுறாங்கன்னு பார்த்துப் பார்த்து அப்படியே செய்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேச்சே வராது. "ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கா"ன்னு எல்லாரும் சொல்வாங்க. அந்த "நல்லாத்தானே"வுக்கு நான் என்ன விலை கொடுத்தேன்னு யாருக்கும் தெரியாது.

நான் போறது கதை விளையாட்டு கிளப். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974ல இருந்து இருக்கிற விளையாட்டுதான். ஒருத்தர் கதை சொல்வார், மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர். இருபது முகம் இருக்கிற டைஸை உருட்டினா நினைச்சது நடக்குதா இல்லையான்னு தெரியும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, சண்டைக் காட்சியில யார் எப்ப பேசணுங்கிறதையும் டைஸே சொல்லிடும். சாதாரணப் பேச்சுல என் முறை எப்ப வருதுன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. நடுவுல புகுந்துடுவேன், இல்லன்னா கடைசி வரைக்கும் வாயே திறக்க மாட்டேன். இங்க முறை தாளுல எழுதியே இருக்கும்.

அப்புறம் ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்கிற கலர் பேஜ். பச்சைன்னா யார் வேணா வந்து பேசலாம். மஞ்சள்னா தெரிஞ்சவங்க மட்டும். சிவப்புன்னா இன்னிக்குப் பேச்சு வேண்டாம். ஆட்டிஸ்டிக் ஆளுங்க தங்களுக்குன்னு நடத்தின கூட்டங்கள்ல இருந்து வந்த வழக்கம் இது. ஒரு மாசம் முழுக்க நான் சிவப்பு பேஜோடயே விளையாடினேன். ஏன்னு ஒருத்தரும் கேக்கல. அஞ்சாவது வாரம் மஞ்சள் எடுத்தேன்.

நேரத்துக்குப் போறது எனக்கு இன்னும் வரல. லேட்டாப் போனா என் கேரக்டர் அது வரைக்கும் குகைக்குள்ள தூங்கிட்டு இருந்ததா கதை சொல்றவர் சேர்த்துப்பார். நான் உக்காந்ததும் அது கண்ணு முழிக்கும். மன்னிப்புக் கேட்டுக்கிட்டே உள்ள நுழையாத ஒரே இடம் எனக்கு அதுதான்.

கட்டுமானக் கட்டை கிளப் நடத்துகிறவர்

ஆறு வருடமாக லெகோ கட்டைகளை வைத்து ஒரு குழு நடத்துகிறேன். என் வேலை வேறு, இது வார இறுதியில் செய்வது. மேலே எழுதிய 19 வயதுத் தங்கச்சி சொன்ன டைஸ் விஷயம் எனக்கு நன்றாகப் புரிகிறது, எங்கள் குழுவும் அந்த மாதிரி ஒரு முறையில்தான் நடக்கிறது. டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் காத்திருப்பு அறையில் இரண்டு பையன்கள் லெகோவை வைத்துத் தாங்களாகவே பழகியதைக் கவனித்து உருவாக்கிய முறை அது. 2004இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒருவர் பொறியாளர், வரைபடத்தைப் பார்த்து என்ன வேண்டும் என்று சொல்வார். ஒருவர் சப்ளையர், கட்டையைத் தேடி எடுத்துக் கொடுப்பார். ஒருவர் பில்டர், பொருத்துவார். மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் வண்டி ஓடாது.

என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வருடம், ஆறு வாரம் கட்டிய பாலம் முடிந்த அன்று, சந்தோஷம் தாங்காமல் எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். தட்டினோம். பாலத்தின் முக்கால் பங்கைக் கட்டிய பெண் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அந்த மெல்ட்டவுன், அதாவது சத்தமும் நெருக்கடியும் தாங்காமல் தன் கட்டுப்பாடு முழுக்க உடைந்துபோகிற நிலை, அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவளுடைய வெற்றியை அவள் கையிலிருந்து நானே பிடுங்கிவிட்டேன். அன்றிலிருந்து எங்களிடம் கைதட்டல் கிடையாது. இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை அசைப்போம், காது கேளாதோர் செய்வது போல. அவள் திரும்பி வர நான்கு மாதம் எடுத்தது. வந்தாள்.

பேச்சு இல்லாத ஒரு தம்பி டேப்லெட்டில் தட்டித் தட்டிச் சொல்வான். அவன் பொறியாளராக இருக்கும் நாளில் ஒரு கட்டையைக் கேட்கவே ஒரு நிமிடம் ஆகும். மற்ற இருவரும் காத்திருப்பார்கள். பெரியவர்களுக்குத்தான் அந்த ஒரு நிமிடம் பொறுக்காது, பெற்றோர் அவசரப்பட்டு அவனுக்காகச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் பெற்றோருக்கு வெளியே நாற்காலி போட்டேன்.

இவர்களுக்குச் சமூகத் திறன் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிஸ்டிக், 2012லேயே எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல என்று. 2020இல் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் பெரியவர்களை வைத்துச் சோதித்தார்கள். எட்டுப் பேர் வரிசையாக ஒரு கதையை ஒருவருக்கு ஒருவர் கடத்த வேண்டும். ஆட்டிஸ்டிக் ஆட்கள் மட்டும் இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குச் சற்றும் குறையவில்லை. இரண்டு வகையினரும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் சிதைந்தது. நான் சனிக்கிழமைதோறும் பார்ப்பதும் அதைத்தான்.

இன்னொரு அம்மா

எங்கள் அனுபவம் நல்லதல்ல. "அறிவியல் கிளப்" என்று சொல்லித்தான் சேர்த்தோம். மகளுக்குப் பூஞ்சைகள் என்றால் உயிர். போனால், சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு அட்டவணை. கண் தொடர்பு, புன்னகை, "பொருத்தமான கேள்வி" என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மைக்ரோஸ்கோப் கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும், அதுவும் மதிப்பெண் வாங்கியவர்களுக்கு. மூன்றாவது வாரம் மகள் கேட்டாள்: "அம்மா, இங்க யாருக்காவது பூஞ்சை பிடிக்குமா?" பதில் சொல்ல முடியவில்லை. அன்றே நிறுத்திவிட்டேன். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். பிடித்த விஷயத்தைச் செய்கிறார்களா, இல்லை அதைக் காட்டி வேறு எதையோ வாங்கப் பார்க்கிறார்களா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தங்கச்சி

என் அண்ணனுக்கு 22 வயசு. லிஃப்ட்தான் அவனுக்கு எல்லாம். மோட்டார் சத்தத்தை வச்சே எந்தக் கம்பெனி லிஃப்ட்டுன்னு சொல்லிடுவான். மெஷின்களுக்குன்னு ஒரு கிளப்புக்கு அஞ்சு வருஷம் போனான். 21 முடிஞ்சதும் வயசு வரம்புன்னு ஒரு லெட்டர் வந்துச்சு. அவ்ளோதான். அவனுக்கு அது புரியவே இல்ல. அடுத்த வாரமும் ஷூ போட்டுக்கிட்டு வாசல்ல நின்னான். அதுக்கு அடுத்த வாரமும்.

கிளப் நடத்துற அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வயசு முடிஞ்சவங்களை என்ன செய்றீங்க? "இளைஞர்களுக்கு"ன்னு எல்லாத்துக்கும் பேர் வைக்கிறாங்க, இளமை முடிஞ்ச அடுத்த நாள் அவங்க எங்க போவாங்கன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

கட்டுமானக் கட்டை கிளப் நடத்துகிறவர்

தங்கச்சி, அண்ணன் வாசலில் நின்றதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை. எங்களிடமும் முதலில் 20 என்று வரம்பு இருந்தது, இரண்டு பேரை அனுப்பியும் விட்டோம். பிறகுதான் மாற்றினோம். இப்போது வயது முடிந்தவர்கள், அவர்களுக்கு விருப்பம் இருந்தால், குழுவை நடத்துபவர்களாக வருகிறார்கள். மேஜைக்கு அடியில் போனாளே, அந்தப் பெண்ணுக்கு இப்போது 21. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அறையைச் சுற்றிக் காட்டுவது அவள்தான். அனுப்பிய அந்த இருவரையும் கூப்பிட்டோம். ஒருவர் வந்தார், இன்னொருவர் வரவில்லை.

உன் அண்ணனின் பழைய கிளப்பில் அவனோடு இருந்தவர்களுக்கும் வயது முடிந்திருக்கும். அவர்கள் வீட்டாரிடம் பேசிப் பார். நாலு பேர், ஒரு மேஜை, மாறாத ஒரு நேரம், இது போதும் தொடங்குவதற்கு.

வரைபடப் பையனின் அம்மா

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பூஞ்சை பிடித்த அந்தக் கண்ணுக்கு என் அன்பு.

எங்கள் பக்கம் ஒரு புதுச் செய்தி. இரண்டு பேரும் இப்போது ஒரு கற்பனைத் தீவுக்கு வரைபடம் போடுகிறார்கள், 61 மாவட்டங்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரே துண்டாக இருந்தால் எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும், பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறம் வராது என்று 1976இல் நிரூபித்திருக்கிறார்களாம். அதன்படி நான்கே நிறம். கடலோடு குழம்பும் என்று நீலத்துக்குத் தடை. அதற்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை, பிறகு எழுத்தில் ஒரு ஒப்பந்தம், இரண்டு கையெழுத்து.

போன சனிக்கிழமை அந்தப் பையன் காய்ச்சலில் வரவில்லை. என் மகன் தன் பங்கு மாவட்டங்களுக்கு மட்டும் நிறம் தீட்டிவிட்டு, மற்றதைத் தொடவில்லை. திரும்பி வரும்போது என் போனைக் கேட்டு வாங்கி அவன் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான்: "உன் 30 மாவட்டம் வெள்ளையா இருக்கு. அப்படியே வச்சிருக்கேன்."