வேட்டைப் பைக்குப் பொருந்தும் வெடிமருந்துக் கொம்பு: அடிக்கட்டை உட்காரவில்லை

ஈசூன் தோல்வேலை:
18ஆம் நூற்றாண்டு அமெரிக்க வேட்டைக்காரர்கள் தோளில் மாட்டிய பையைப் பார்த்து, மரப்பட்டையில் பதனிட்ட தோலில் ஒன்று தைத்து முடித்துவிட்டேன். அதனுடன் தொங்க வெடிமருந்துக் கொம்பு (துப்பாக்கி மருந்தை வைக்கும் மாட்டுக்கொம்புக் குடுவை) வேண்டும். வீட்டுச் சுவரை அலங்கரிக்க மட்டுமே. மருந்து நிரப்பப் போவதில்லை. காரைக்குடியிலிருந்து வந்த மாட்டுக்கொம்பின் வாய் நீள்வட்டமாக இருக்கிறது. அதை அடைக்க, வட்டமாகக் கடைந்த தேக்கு அடிக்கட்டையை வைத்தால் ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் இடைவெளி. கட்டையைத்தான் இழைக்க வேண்டுமா? இன்னொன்று: பை கரும்பழுப்பு, கொம்போ பால்வெள்ளை. பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்துகிறது.

தெக்கா தச்சன்:
கட்டையைத் தொடாதீர்கள் தம்பி. கொம்பும் நகமும் ஒரே பொருள், சூட்டுக்கு இளகும். வாய்ப்பகுதியை மட்டும் கொதிநீரில் அமிழ்த்தி, இளகியதும் கூம்பு வடிவ மரத்தை அழுத்தி, முழுக்க ஆறும்வரை விட்டுவிடுங்கள். வட்டமாகவே நிற்கும். பிறகு கட்டையைச் செருகி மூங்கில் ஆணி அடியுங்கள். இரும்பு வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் துருக்கறை கொம்பில் இறங்கிவிடும். விளிம்பில் தேன்மெழுகை உருக்கி விடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், முடி கருகும் நாற்றம் வரும்!

பழுப்பு நூல்:
நிறத்துக்கு வெங்காயத் தோல் சாறு. அதற்குமுன் உடைந்த கண்ணாடி விளிம்பால் சுரண்டுங்கள்; விளக்கருகே பிடித்தால் விரல் நிழல் தெரிய வேண்டும். அந்த மெல்லிய சுவர்தான் கொம்பின் அழகே. வாரையும் பைத்தோலிலேயே வெட்டுங்கள்.

ஈசூன் தோல்வேலை:
அண்ணன் சொன்னபடியே செய்தேன், கட்டை இறுக்கமாக உட்கார்ந்துவிட்டது. சாறு அடுப்பில் இருக்கிறது.