அழியும் விலங்குகள் பாடம்: பாறு கழுகு ஒன்றை மட்டும் முழுதாக நடத்தினால் போதுமா?

சீகூர் வாத்தியார்:
இந்தப் பாடத்தில் புலி, யானை படத்தைக் காட்டி, ‘காடழிப்பு, வேட்டை, மாசு’ என்று மனப்பாடம் செய்யவைத்து முடித்துவிடுகிறோம். அதைவிட, செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகை முழுதாக நடத்தலாம். இந்தியாவில் 1992-ல் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் 2007-க்குள் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. யாரும் வேட்டையாடவில்லை. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம். ஊசி போட்ட சில நாளில் செத்த மாட்டைத் தின்றால் பாறின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம் மேலெல்லாம் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

செல்வி டீச்சர்:
சார், பாறு ஒரு விதிவிலக்கு. பெரும்பாலான உயிரினங்கள் வாழிடம் போய்த்தான் குறைகின்றன. பாறு கதையை மட்டும் படித்த பிள்ளை, ஒரு மருந்தைத் தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதா? வரையாட்டைப் பாருங்கள். மலை உச்சிப் புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் தேயிலையும் வந்து, ஒரு மலையில் இருக்கும் மந்தை அடுத்த மலைக்குப் போக வழியில்லாமல் போனது. இதை எந்தத் தடையாணை சரிசெய்யும்? அப்புறம், தேர்வில் காரணங்களைப் பட்டியலாகத்தான் கேட்கிறார்கள். பீரியடும் குறைவு.

சீகூர் வாத்தியார்:
தடை செய்தும் சரியாகவில்லை டீச்சர், நடத்த வேண்டியதே அதுதான். 2006-ல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பி கடையில் கிடைத்தது, அதையே வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல்தான் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பி கூடாது என்றார்கள். பாறுக்கு ஆகாத வேறு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடையானது 2023-ல். வருஷத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை இத்தனை தாமதத்தை எப்படித் தாங்கும்?

மாயாறு மாட்டுக்காரன்:
இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. இப்படி நடத்தினால் வகுப்பில் மாடு வளர்க்கிறவன் பிள்ளை தலைகுனிந்து உட்காரும். மடி வீங்கி மாடு படுக்கவும் முடியாமல் நிற்கும்போது ஊசி போடாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? மெலாக்சிகாம் போட்டால் மாட்டுக்கும் வலி தீரும், பாறுக்கும் ஆபத்தில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளை வீட்டில் வந்து, “அப்பா, டாக்டர் என்ன ஊசி போட்டார்?” என்று கேட்கட்டும்.

செல்வி டீச்சர்:
அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். மருந்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். ஆனால் பாறோடு நிறுத்த மாட்டேன் சார், வரையாடும் கட்டாயம் வேண்டும்.

சீகூர் வாத்தியார்:
சரி, இரண்டையும் நடத்துங்கள். பீரியட் போதாவிட்டால் புலிப் பக்கத்தை வீட்டில் படிக்கச் சொல்லிவிடலாம்.