ஊட்டி ஜனவரிக் குளிரில் 30 மி.மீ. தார்க்கலவை போடலாமா?

மலைச்சாலை:
தலைக்குந்தா பக்கம் 30 மி.மீ. கனத்தில் பிட்டுமினஸ் கான்கிரீட் (தாரும் ஜல்லியும் கலந்த மேலடுக்கு), விஜி-30 என்ற தரத் தார். கலவை தயாராகும் பிளான்ட் மேட்டுப்பாளையத்தில், டிப்பர் மலையேற இரண்டரை மணி நேரம். காலையில் உறைபனி. வழியில் ஆறிவிடும் என்று 185 டிகிரிக்குக் காய்ச்சி அனுப்பலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரிதானா?

ஜல்லிக்கணக்கு:
185 வேண்டவே வேண்டாம். விஜி-30 கலவைக்கு உச்சம் 165. அதைத் தாண்டினால் ஜல்லி மேல் இருக்கும் மெல்லிய தார்ப்படலம் காற்றுப்பட்டு இறுகி, பிடிப்பை இழக்கும். போட்ட அன்று தெரியாது, பிறகு ஜல்லி பெயரும்.

சூடு போகாமல் காப்பதுதான் வழி. அரை லோடு அனுப்பாதீர்கள், சீக்கிரம் ஆறும். தார்ப்பாயை இரண்டாக மடித்து, பக்கங்களிலும் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். வந்ததும் கம்பித் தெர்மாமீட்டரை லோடுக்குள் செருகிப் பாருங்கள். இன்ஃப்ராரெட் கருவி மேல்தோலை மட்டுமே காட்டும். விரிக்கும்போது 140க்குக் கீழே இருந்தால் அந்த லோடைத் திருப்பிவிடுங்கள்.

ரோலர்பாதை:
காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாதாரணத் தார் போடக்கூடாது என்பது மத்திய சாலை அமைச்சக விதி. பாலிமர் போன்றவை கலந்த தாருக்கு 15. ஆனால் சூட்டை வேகமாக உறிஞ்சுவது அடியில் இருக்கும் பழைய சாலை. மர நிழலில் பதினோரு மணிக்கும் அது சில்லென்றே கிடக்கும். அதையும் அளந்துவிட்டு, வெயில் விழும் நீளத்தில் முதலில் தொடங்குங்கள்.

30 மி.மீ. மிக மெல்லிசு. வடிவமைப்பு இடம் கொடுத்தால் 40 ஆக்குங்கள், உருட்டக் கிடைக்கும் நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். கலவையை விரிக்கும் பேவர் இயந்திரத்தை ஒட்டியே ரோலர் போகட்டும். 90 டிகிரிக்கு இறங்குமுன் இறுக்கம் முடிய வேண்டும். இறுகிய கலவைக்குள் காற்றிடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டினால் நீர் உள்ளே இறங்கும், மழையில் சாலை போய்விடும்.

டாக் கோட் எமல்ஷன் (பழைய சாலையோடு புது அடுக்கு ஒட்ட முதலில் தெளிக்கும் தார்-நீர்க் கலவை) குளிரில் மெதுவாகத்தான் உடையும், அதாவது நீர் பிரிந்து தார் மட்டும் நிற்கும். பழுப்பு முழுக்கக் கறுப்பாகும்வரை கலவையைக் கொட்டாதீர்கள். ஈரத்தின் மேல் போட்டால் வளைவுகளில் மேலடுக்கு வழுக்கி நகரும்.

மலைச்சாலை:
நன்றி. டயர் ரோலரில் கலவை ஒட்டுகிறதே, டீசல் தடவலாமா?

ரோலர்பாதை:
கூடாது, டீசல் தாரைக் கரைக்கும். குளிர்ந்த டயரில்தான் ஒட்டும். ஏற்கெனவே உருட்டிய சூடான பகுதியில் ஓட்டி டயரைச் சூடாக்கிவிட்டுப் புதுக் கலவைக்கு வாருங்கள். இரும்பு ரோலரில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் கசிவளவு போதும். பேவரில் கலவை கொட்டும் தொட்டியான ஹாப்பரின் ஓரங்களில் ஆறிக் கட்டியானதை உள்ளே மடித்துத் தள்ளாமல் அப்புறப்படுத்துங்கள், அந்தக் கட்டி விழுந்த இடத்தில்தான் முதல் குழி வரும்.

ஜல்லிக்கணக்கு:
வார்ம் மிக்ஸ் சேர்மானம் (குறைந்த சூட்டிலும் கலவையை இறுக்க உதவுவது) கிடைக்குமா என்று பிளான்ட்டில் கேளுங்கள். அதைச் சேர்த்தும் வழக்கமான சூட்டிலேயே கலந்து அனுப்பினால், 90க்குக் கீழேயும் சற்று நேரம் இறுகும். அளவு சேர்மானத்துக்குச் சேர்மானம் மாறும். தயாரிப்பாளர் சொல்லும் அளவில் முதலில் ஒரு சோதனைத் துண்டு போட்டு, கோர் (துளைத்தெடுக்கும் உருளை மாதிரி) எடுத்து அடர்த்தி பாருங்கள்.