தலைவரின் மறைவுக்கு மக்கள் அழுவது யாருக்காக?

நெய்தல்நிலம் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு பெருந்தலைவர் மறையும்போது மக்கள் காட்டும் துயரத்தைப் பற்றி நெடுநாளாக எனக்குள் ஓர் ஐயம் இருக்கிறது. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தபோது சென்னையில் திரண்ட கூட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம். 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி என ஒவ்வொரு மறைவின்போதும், தலைவரை ஒருமுறைகூட அருகில் பார்த்திராதவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பெற்ற தந்தைக்குச் செய்வதுபோல் மொட்டை அடித்துக்கொண்டார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள் என்றும் செய்திகள் வந்தன. இவையெல்லாம் கட்சிக்காரர்களின் ஏற்பாடு என்று ஒதுக்குவோர் உண்டு. அன்பின் உச்சம் என்று கொண்டாடுவோரும் உண்டு. எனக்கு இரண்டு விளக்கமும் நிறைவு தரவில்லை. இந்தத் துயரம் எங்கிருந்து வருகிறது? இதில் எதை மதிக்க வேண்டும், எதைக் கண்டிக்க வேண்டும்?

வைகைக்கரை:
சென்னைக்கு வண்டி பிடித்து அழைத்து வரப்பட்டவர்களைப் பற்றி வேண்டுமானால் ஏற்பாடு என்று சொல்லலாம். எந்தக் கேமராவும் எட்டிப் பார்க்காத தெருமுனைகளில் நடப்பதற்கு அந்த விளக்கம் பொருந்தாது. ஒரு நாற்காலியில் தலைவரின் படத்தை வைத்து, மாலை சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருப்பார்கள். வேலை முடிந்து வந்த பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். காது கொடுத்துக் கேட்டால், முதல் சில அடிகள்தான் தலைவருக்கு உரியவை என்பது புரியும். அதன்பின் அற்ப ஆயுளில் போன கணவனும், வாழப் போன இடத்தில் கண் கலங்கி நிற்கும் மகளும், அடகில் மூழ்கிப்போன தாலிக்கொடியும் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள். இழவு வீட்டு ஒப்பாரி எப்போதுமே அப்படிப்பட்டதுதான். யாருடைய சாவுக்குப் போனாலும் அவரவர் துக்கத்தையும் சேர்த்தே அழுதுவிட்டு வருவார்கள். தனித்தனியே அடக்கி வைத்திருந்ததை ஊரே ஒரே நாளில் அழுது தீர்க்க, தலைவரின் மறைவு இடம் கொடுக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

நன்றியும் இதில் கலந்திருக்கிறது. 1982-இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு எம்.ஜி.ஆர். வெறும் திரைமுகம் அல்லர். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி வாங்கிய கூலித் தொழிலாளிக்கும், கருணாநிதி ஆட்சியின் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு பெற்ற பெண்ணுக்கும் அந்தந்தத் தலைவர்கள் தம் வாழ்க்கையில் நேரடியாகக் கை கொடுத்தவர்கள். அரசு செய்ததைத் தலைவர் கொடுத்ததாகக் கருதுவது சரியா என்பது வேறு விவாதம். ஆனால் மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதியின் மேல் காதை வைத்து, உள்ளே அவருடைய கைக்கடிகாரம் இன்னும் ஓடும் ஓசை கேட்கிறதா என்று பார்ப்பவர்களை எந்தக் கட்சியும் காசு கொடுத்து அனுப்பவில்லை.

பழைய நிருபர்:
வைகைக்கரை எழுதியதை ஏற்கிறேன். ஆயினும் துயரம் என்ற பெயரில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த விளக்கம் போதாது. எம்.ஜி.ஆர். மறைந்தபோது சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன; அண்ணா சாலையில் இருந்த கருணாநிதியின் சிலையை ஓர் இளைஞர் கடப்பாரையால் இடித்த படம் பத்திரிகைகளில் வந்தது. அதை அழுகை என்று என்னால் சொல்ல முடியாது. துக்கத்தைச் சாக்காக வைத்துப் பழைய பகையைத் தீர்த்துக்கொண்ட செயல் அது.

அதைவிட என்னை வருத்துவது சாவுக் கணக்கு. 2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா மறைந்த பின், அதிர்ச்சி தாங்காமல் இறந்தவர்கள் என்று அவருடைய கட்சி பட்டியல்கள் வெளியிட்டது. சில நாட்களிலேயே எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. குடும்பத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. மாரடைப்பால் மக்கள் நாள்தோறும் இறக்கிறார்கள். அந்த வாரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் இறந்த ஒருவரைத் தலைவருக்காக உயிர்விட்டவர் என்று எழுதிவிடுவது எளிது. மறுப்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும் மனம் உடைந்த இன்னொருவருக்கு அது என்ன சொல்கிறது? தற்கொலையை வீரமாகவோ தியாகமாகவோ காட்டினால் அதைப் பார்த்து மற்றவர்களும் முயல்வார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. பெயரையும் படத்தையும் இறந்த விதத்தையும் முதல் பக்கத்தில் போடும் பத்திரிகைக்கும், அதைத் தன் தலைவரின் பெருமையாக எண்ணும் கட்சிக்கும் இதில் பொறுப்பு உண்டு.

கொள்ளிடம்77:
கருணாநிதி மறைந்த 2018-ஐயும் நினைவில் கொள்ளுங்கள். காவேரி மருத்துவமனை வாசலில் நாள்கணக்கில் நின்று 'எழுந்து வா தலைவா' என்று முழங்கிய கூட்டம், மெரினாவில் அவரை அடக்கம் செய்ய இடம் மறுக்கப்பட்ட செய்தி வந்தபோது பெரும் கலவரத்தில் இறங்கியிருக்கக்கூடும். வழக்கு இரவிலேயே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 8 காலையில், மெரினாவில் இடம் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உடல் வைக்கப்பட்டிருந்த ராஜாஜி அரங்கில் அதைக் கேட்ட ஸ்டாலின் கைகூப்பியபடி உடைந்து அழுதார். கோபத்துக்குச் சட்டத்தின் வழியாக ஒரு வடிகால் இருந்ததால்தான் நகரம் பெரிய சேதமின்றித் தப்பியது என்பது என் கருத்து. அன்று ராஜாஜி அரங்கில் நெரிசலில் உயிரிழந்தவர்களும் உண்டு. அஞ்சலி செலுத்த வருவோருக்கு ஒழுங்கான வரிசையும் குடிநீரும் வெளியேறும் வழியும் அமைத்துத் தருவது அரசின் கடமை. நம் விவாதங்களில் இது ஏனோ எப்போதும் விடுபட்டுப் போகிறது.

நெய்தல்நிலம்:
மூவருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். பட்டியல் கூடாது என்றால், உண்மையிலேயே ஆதரவற்று நிற்கும் குடும்பத்துக்கு உதவியும் கூடாது என்றாகிவிடாதா?

பழைய நிருபர்:
உதவி கட்டாயம் வேண்டும். அறிவிப்புதான் கூடாது. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவைக் கட்சியின் கிளைச் செயலாளர் மாதாமாதம் நேரில் வந்து கட்டட்டும். மேடை, காசோலை, புகைப்படம் எதுவும் தேவையில்லை. தலைவர் கவலைக்கிடமாக இருக்கும் நாட்களிலேயே, இரண்டாம் மட்டத் தலைவர்கள் தொண்டர்களிடம் 'யாரும் தம்மை வருத்திக்கொள்ளாதீர்கள், வீட்டில் உங்களை நம்பியிருப்பவர்களைப் பாருங்கள்' என்று தெளிவாகவும் திரும்பத் திரும்பவும் சொல்ல வேண்டும். இறந்த பின் விடுக்கும் வேண்டுகோள், அது எட்ட வேண்டியவர்களுள் சிலருக்குக் காலம் கடந்தே போய்ச் சேர்கிறது.